கால் ஊன்றாமல் முக்குமேடு வரை

சீனிச்சாமி பொய் சொல்வார் என்பது முக்குமேட்டில் யாருக்கும் செய்தியில்லை. மழை பெய்வது போல, பனி இறங்குவது போல, அதுவும் எங்கள் ஊரின் பருவநிலைகளில் ஒன்று. ஆனால் அன்றைக்கு அவர் ஒரு சைக்கிளைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொன்னார். அதனால்தான் கையில் டீ ஆறிக்கொண்டிருப்பதை மறந்து நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

முக்குமேடு, ரயில் நின்றுபோன ஒரு ஸ்டேஷன். ஒரு காலத்தில் ஏலக்காயும் தேயிலையும் ஏற்றிக்கொண்டு ஒரு குட்டி ரயில் இங்கிருந்து ஆனைக்கல் அடிவாரத்துக்கு இறங்கும். மலைச்சாலை வந்தது, ரயில் போனது. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். மலையைச் சுற்றி வெட்டிய பாதையை எடுத்துப் போக முடியவில்லை. அதில் செம்மண் கொட்டிச் சமன்செய்து சைக்கிளுக்கென்று விட்டுவிட்டார்கள். இரண்டு முனையிலும் கல்தூண் நட்டிருக்கிறது; காரும் பைக்கும் நுழையாது. ரயிலுக்காகப் போட்ட ஏற்றம் என்பதால் நிதானமான ஏற்றம். மூச்சைப் பார்த்துப் பார்த்து மிதித்தால் என்னைப் போன்ற கிழவிகூட ஏறிவிடலாம். இன்னமும் அதை நாங்கள் ‘லைன்’ என்றுதான் சொல்கிறோம். ரயில் இல்லாத லைனில் ஓர் அமைதி உண்டு. எதற்காகவோ வெகுநாள் காத்திருந்து, இனி அது வராது என்று தெரிந்துகொண்ட பிறகு வருகிற அமைதி.

லைனில் ஒரே ஒரு சிக்கல், ஸ்டேஷனுக்குச் சற்று முன்னால் இருக்கும் குகை. மலையைக் குடைந்து வளைத்துக்கொண்டு போயிருப்பார்கள். உள்ளே இருட்டு. எதிரெதிரே இரண்டு சைக்கிள் வந்தால் ஒதுங்க இடம் கிடையாது. பாதை திறந்த புதிதில் இரண்டு பேர் நட்டநடுவில் மோதிக்கொண்டு இருவருக்குமே முன்பல் போயிற்று. அதன் பிறகு ரயில்காரர்களின் பழைய வழக்கத்தையே பிடித்துக்கொண்டோம். ஒரே ஒரு டோக்கன்: தோளில் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு ஒரு பிரம்பு வளையம், அதில் கோத்த ஒரு தோல்பை. அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் குகைக்குள் போகலாம். போய்ச் சேர்ந்ததும் அந்தப் பக்கத்துக் கொக்கியில் மாட்டிவிட வேண்டும். வளையம் மறுபக்கம் இருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். ரொம்ப நேரம் ஆகிவிட்டால் அங்கே தொங்கும் தண்டவாளத் துண்டைக் கல்லால் தட்டலாம். சத்தம் கேட்டு யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். எதற்கும் அடங்காத ஆட்கள்கூட இந்த வளையத்துக்கு அடங்கினார்கள். பல் எல்லோருக்கும் வேண்டுமே.

அன்று காலை நான் மேலே வந்து சேர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே மூடுபனி இறங்கிவிட்டது. அப்புறம் லைனில் ஆள் நடமாட்டமே இல்லை. பிளாட்பாரத்தில் ராக்கம்மாவின் டீக்கடை மட்டும் புகைந்துகொண்டிருந்தது. தலைக்கு மேலே ஒரு மலைவாழைத் தார் தொங்கி லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கட்டியிருந்த கயிறு விடிகாலையிலேயே அறுந்துவிட்டதாகவும், கைக்கு அகப்பட்டதை வைத்து மறுபடி மாட்டியதாகவும், இந்த ஊரில் ஒரு நல்ல கயிற்றுக்குக்கூட நாதியில்லை என்றும் ராக்கம்மா சொல்லிக்கொண்டே வடை தட்டினாள்.

பெஞ்சின் ஓரத்தில் விஜயராணி உட்கார்ந்திருந்தாள். சீனிச்சாமியின் ஒரே மகள். ஆனைக்கல்லில் தையல் கடை வைத்திருக்கிறாள். சாலை வழியாகப் பஸ்ஸில் வந்திறங்கி, அப்பா லைன் வழியாக வருவதற்குக் காத்திருந்தாள். அவளுக்கு எதிரே வாடகை சைக்கிள் கடைக்காரன் எபனேசர், காலடியில் ஒரு டப்பா ரோஸ் கலர் பெயிண்ட்டோடு.

விஷயம் இதுதான். போன மாதம் சீனிச்சாமி இரண்டாவது பாலத்துக்குப் பக்கத்தில் தலைசுற்றி விழுந்து, யாரோ பார்க்கும்வரை அங்கேயே கிடந்தார். அதிலிருந்து விஜயராணிக்குத் தூக்கம் போயிற்று. இனிமேல் சைக்கிள் வேண்டாம் என்றாள். அது பழைய கனத்த டபுள் பார் சைக்கிள். ஊரில் இரண்டு சினிமாக் கொட்டகை இருந்த நாளில், ஒரே படத்தை இரண்டிலும் ஓட்டுவார்கள். இங்கே ஓடி முடிந்த ரீலை அங்கே ஓடவேண்டிய நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் சீனிச்சாமியின் உத்தியோகம். அந்தப் படப்பெட்டிகளைச் சுமந்த சைக்கிள். அதை எபனேசருக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. எபனேசர் அதை ஓட்டப்போவதில்லை. ரோஸ் கலர் அடித்து, முன்னும் பின்னும் பூந்தொட்டி கட்டி, ஸ்டேஷன் வாசலில் நிறுத்தப்போகிறான். சுற்றுலா வருபவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்களாம்.

பூந்தொட்டி என்றதும் சீனிச்சாமி கொதித்துப்போனார். “நான் ஓட்டுறதை ஒரு தடவை பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணு” என்று மகளிடம் கெஞ்சினார். அவளும் இறங்கி வந்து, “சரி, ஒத்தையா, ஆள் துணையில்லாம முக்குமேடு வரைக்கும் வந்து சேரு. வந்துட்டா சைக்கிள் உனக்கு” என்றாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் சீனிச்சாமி அல்லவா? “வந்து சேர்றது என்னாத்தா பெரிய காரியம்? காலைக் கீழ ஊன்றாம வர்றேன். எங்கேயாச்சும் ஊன்றுனேன்னா தொட்டிக்கு நானே தண்ணி ஊத்துறேன்” என்று சொல்லிவிட்டார்.

பன்னிரண்டு மணி பஸ்ஸும் போய்விட்டது. ஆளைக் காணோம்.

“எப்ப கெளம்புனாரு?” என்று எபனேசர் கேட்டான்.

“எனக்கு முந்தியே கெளம்பிட்டாரு” என்றாள் விஜயராணி. முந்தானை நுனியைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள். “போன்ல டவரே கிடைக்க மாட்டேங்குது. ஏதோ மணிச் சத்தம் கேக்குதே, அவரா?”

எங்கோ தூரத்தில் ணங், ணங் என்று மங்கலாக ஏதோ கேட்டது. பனி ஒலியையும் நனைத்துவிடும். எங்கிருந்து வருகிறது என்று தெரியாது.

“மாட்டு மணி” என்றாள் ராக்கம்மா. “மேய்ச்சலுக்குப் போன மாடு திரும்புது.”

“மாடு இப்பிடியா அடிக்கும்? கோயில் மணி, அக்கா” என்றான் எபனேசர்.

“உனக்கென்னடா தெரியும் கோயில் மணியைப் பத்தி?”

“சர்ச் மணி இல்லைன்னு தெரியும்ல. மிச்சம் கோயில்தான்.”

ராக்கம்மா அடுத்த ஈடு வடையை எண்ணெயில் போட்டாள். அந்தச் சத்தத்தில் மணி அடங்கிப்போயிற்று. விஜயராணி எழுந்து நின்றாள். “நான் நடந்தே கீழ போய்ப் பாக்குறேன்” என்று அவள் செருப்பை மாட்டிக்கொண்ட சமயத்தில், பனிக்குள்ளிருந்து சைக்கிள் மணி கிணுகிணுத்தது. பனி சற்றே விலகி, சீனிச்சாமியைப் பிளாட்பாரத்தில் உமிழ்ந்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. எந்தப் பக்கமிருந்து வந்தார் என்று எங்களில் யாரும் பார்க்கவில்லை. சைக்கிள் மேல்தான் வந்தார். பெஞ்சின் மேல் ஒரு காலை வைத்து, ராஜா யானையிலிருந்து இறங்குவது போல இறங்கினார்.

“பாத்துக்கங்க. பெஞ்சுலதான் கால் வெச்சிருக்கேன். தரையில இல்லை.”

விஜயராணி அவரை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தில் பயம் போய் ஆத்திரம் வந்துவிட்டது. “ஏம்ப்பா இவ்வளவு நேரம்?”

“வேகமா வந்ததுனால வந்த தாமதம் ஆத்தா” என்றார் சீனிச்சாமி. “ராக்கம்மா, ஒரு டீ. சீனி தூக்கலா.”

“வேகமா வந்தா தாமதமாகுமா?” என்றான் எபனேசர்.

“உன் கியர் சைக்கிள்ல ஆகாது தம்பி. என்னுதுல ஆகும். ஆனைக்கல்லுல ஒரு மிதி மிதிச்சேன் பாரு, முதல் பாலம் தாண்டிட்டேன். கீழ நல்ல வெயிலு. குனிஞ்சு பாக்குறேன், பக்கத்துல நெழலைக் காணோம். பின்தங்கிப் போச்சு. நான் என்ன பண்ணுவேன்? கால் தரையில படாம வர்றேன். நெழலும் இல்லைன்னா என்னை என்னாம்பீங்க? பேயின்னு ராக்கம்மா கரண்டியைத் தூக்கிருவா. அதனால பாலத்து மேலயே வட்டம் போட்டுக்கிட்டு நெழலுக்காகக் காத்திருந்தேன். அது மெல்ல வருது, நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு. ‘ஏன்டா லேட்டு?’ன்னா, ‘வயசாச்சுல்ல’ங்குது.”

“நெழலுக்கு வயசாச்சு, உனக்கு ஆகலையாக்கும்” என்றாள் ராக்கம்மா, டீயை நீட்டியபடி.

“அதுதானே எனக்கும் வெளங்கலை.”

விஜயராணி சிரிக்கவில்லை. “சட்டை ஏன் கிழிஞ்சிருக்கு?”

கிழிந்துதான் இருந்தது. சட்டையின் இடது கை தோளோடு போயிருந்தது. சீனிச்சாமி அப்போதுதான் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

“அதுவா? பனியில மாட்டிக்கிச்சு.”

“பனியிலயா?”

“நீங்க இங்க உக்காந்துக்கிட்டுப் பாக்குற பனியெல்லாம் பனியா? கழுவித் தொடச்ச பனி. ரெண்டாவது பாலத்துல நின்னது பாருங்க, அது பனி. இட்லி மாவு மாதிரி. புளிச்சு, பொங்கி, பாலத்துக்கு ரெண்டு பக்கமும் வழிஞ்சுக்கிட்டு நிக்குது. ஹேண்டில்பாரால வெட்டி வெட்டிப் பாதை பண்ணிக்கிட்டு வர்றேன். நான் வந்த தடம் பின்னாடி ஓட்டையா அப்பிடியே நிக்குது. அதுக்குள்ள நாலு காக்கா பறந்து வருது, நல்ல ரோடு போட்டுக் குடுத்தீங்கன்னு. நடுவுல கை மாட்டிக்கிச்சு. இழுத்த இழுப்புல கை வந்துருச்சு, சட்டைக் கை அங்கேயே நின்னுபோச்சு. இப்பயும் அந்தரத்துல தொங்கிக்கிட்டிருக்கும். பனி உருகினாத்தான் கீழ விழும். எபி, நீ நாளைக்குக் கீழ போனா எடுத்துட்டு வா.”

“முள்ளு கிழிச்ச மாதிரி இருக்குதுண்ணே” என்றான் எபனேசர், கிட்டத்தில் குனிந்து.

“பழைய பனி. முள்ளு வெச்சுப்போச்சு.”

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததைப் பார்த்துச் சீனிச்சாமிக்குத் தெம்பு கூடிற்று. என் பக்கம் திரும்பி, “அம்மாவுக்குத் தெரியும். படிச்சவங்க” என்றார்.

“செருப்பு எங்க?” என்றாள் விஜயராணி.

ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இன்னொரு கால் சேறு பூசி, விரல் நுனிவரை கறுத்திருந்தது.

சீனிச்சாமி டீயை ஒரு வாய் உறிஞ்சினார். பொய்யும் வடை மாதிரிதான், சற்று வேகவிட்டால்தான் உப்பிவரும் என்று அவருக்குத் தெரியும்.

“அதைச் சொல்ல வேணாம்னு பாத்தேன். நீ பயந்துக்குவே. லைனுக்குக் குறுக்கே ஆனை நின்னுச்சு.”

“ஆனையா!”

“சும்மா இல்லை, கொம்பன். எதுக்கு வந்துச்சுங்கிறே? கார் பஸ் இல்லாத பாதைன்னு வந்திருக்கு. முழங்கால் வலிக்கு வைத்தியரு காலையில நடக்கச் சொல்லியிருக்காரு. நான் மணி அடிக்கிறேன். ஒதுங்க மாட்டேங்குது. ‘ஏறுறவனுக்கு எறங்குறவன் வழி விடணும்’னு சட்டம் பேசுறேன். ‘நானும் ஏறிக்கிட்டுத்தான் இருக்கேன்’ங்குது. கால் ஊன்றவும் முடியாது, நிக்கவும் முடியாது. என்ன பண்ண? வந்த வேகத்துல அப்பிடியே பின்னங்கால் வழியா ஏத்தினேன் சைக்கிளை. முதுகு மேல போய்ச் சேந்துட்டேன். முதுகு இருக்கே, நம்ம பிளாட்பாரத்தை விட மேலு. குண்டு குழி இல்லை. அங்க ஒரு மைல் மிதிச்சிருப்பேன்.”

“ஆனை முதுகு ஒரு மைலா?” என்று எபனேசர் கத்தினான்.

“ஆனையும் நடந்துக்கிட்டிருக்குல்லடா! அது நடக்குது, நான் மிதிக்கிறேன். அப்புறம் தலை மேல ஏறி, தும்பிக்கை வழியா சறுக்கி எறங்கும்போது செருப்பு கழண்டு போச்சு. திரும்பிப் பாக்குறேன், அது எடுத்துக் கால் நகத்துல மாட்டிப் பாக்குது. அளவாத்தான் இருந்துச்சு. ‘இன்னொண்ணு?’ன்னு தும்பிக்கையை நீட்டுது. ‘போடுறதுக்கு எனக்கு ஒண்ணாவது வேணும்ல. நாளைக்கு வர்றப்ப தர்றேன்’னுட்டேன். அதனால விசயா, நாளைக்கு நான் சைக்கிள்ல போயே ஆகணும். ஆனைகிட்டச் சொன்ன சொல்லு.”

விஜயராணியின் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் கண் அவருடைய கெண்டைக்காலுக்கு இறங்கியிருந்தது. அங்கிருந்து மெல்லிய ரத்தக்கோடு ஒன்று குதிகால்வரை போயிருந்தது.

“அட்டை கடிச்சிருக்கு” என்றாள்.

“கடிச்சுச்சு. பாவம்.”

“யாரு பாவம்?”

“அட்டைதான். எம்புட்டு ஏத்தம் மிதிச்ச ரத்தம் அது! ஒரு வாய் குடிச்சதும் அதுக்குப் பலம் தாங்க முடியலை. கீழ குதிச்சு, பின்னாடி நின்னு கேரியரைப் பிடிச்சுத் தள்ள ஆரம்பிச்சிருச்சு. ‘ஆள் துணை கூடாதுன்னு எம்மக சொல்லியிருக்கா, கையை எடு’ன்னு வெரட்டிவிட்டேன். நேர்மைன்னு ஒண்ணு இருக்குல்ல.”

“அட்டைக்கு ஏதுண்ணே கை?”

“அதான் கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சு.”

ராக்கம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எபனேசர் மட்டும் பெயிண்ட் டப்பாவின் மூடியைத் தட்டிக்கொண்டே, “அண்ணே, தோள்ல என்ன கறுப்பா?” என்றான்.

சட்டைக் கை போன அந்தத் தோளில், கழுத்தை ஒட்டிக் குறுக்காக ஒரு கறுத்த தடம். தோல் கன்றிச் சிவந்திருந்தது.

சீனிச்சாமி ஒரு நொடி தடுமாறினார். ஒரே ஒரு நொடி. பிறகு டீ கிளாஸை வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, நாங்கள் எல்லோரும் அவரை நோக்கிக் குனியும்வரை காத்திருந்தார்.

“அதுதான் பெரிய சமாச்சாரம். எதிர்க்க ரயில் வந்துச்சு.”

எபனேசர் டப்பாவைத் தட்டுவதை நிறுத்தினான்.

“குகைக்குள்ள. நான் பாதி வந்திருப்பேன். முன்னாடி ஒரு மஞ்ச வெளிச்சம். குப் குப்புன்னு சத்தம். பாத்தா நம்ம பழைய குட்டி ரயில்! லைனை மூடுனப்ப எல்லாருக்கும் சொன்னாங்க, குகைக்குள்ள நின்ன ரயிலுக்கு மட்டும் சொல்ல மறந்துட்டாங்க. அது பாட்டுக்கு இன்னும் போயிக்கிட்டும் வந்துக்கிட்டும் இருக்கு. ஏலக்கா வாசம் தூக்குது. டிரைவரு தாடி வளந்து எஞ்சின் சக்கரம் வரைக்கும் தொங்குது. ‘ஓரமாப் போய்யா பெரியவரே’ங்கிறான். நான் அசையலை. ‘தம்பி, டோக்கன் யாருகிட்ட இருக்கு?’ன்னேன். அவன் பையைத் தடவுறான், பெட்டியைத் தடவுறான். நான் தோள்ல இருந்த வளையத்தைத் தூக்கிக் காட்டுனேன். மொகம் செத்துப்போச்சு அவனுக்கு. ரயிலை ரிவர்ஸ் எடுத்தான். முழு ரயிலையும்! எனக்கு வழி விட்டுட்டு, ‘உங்களை மாதிரி சட்டம் தெரிஞ்ச ஆளை நான் பாத்ததில்லைங்க’ன்னு தோள்ல தட்டிக் குடுத்தான். கரிக் கை. அந்தத் தடம்தான் இது. நான் அப்பிடியே மிதிச்சு வெளிய வந்து, டோக்கனைக் கொக்கியில மாட்டிட்டு, உங்க முன்னாடி வந்து நிக்கிறேன். கால் ஊன்றலை. எபி, அந்த டப்பாவை எடுத்துக்கிட்டுப் போ.”

கதை முடிந்த தெம்பில் அவர் சாய்ந்து உட்கார்ந்தார். நான் கைதட்டக்கூடத் தயாராக இருந்தேன். ராக்கம்மாவோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இந்தாண்ணே, இதுக்கு ஒரு பழமே தரலாம்” என்று எட்டி, தலைக்கு மேலே தொங்கிய தாரிலிருந்து ஒரு பழத்தைத் திருகி இழுத்தாள்.

தார் சுழன்றது. அதன் காம்போடு சேர்த்து முடிந்திருந்த ஒரு பிரம்பு வளையமும் சுழன்றது. பழங்களுக்கு நடுவிலிருந்து ஒரு தோல்பை வெளியே வந்து ஆடிற்று.

எபனேசர்தான் முதலில் பேசினான். “ராக்கம்மாக்கா, அது டோக்கன்ல?”

“கொக்கியில சும்மாதானே தொங்குச்சு” என்றாள் ராக்கம்மா, பாதிக் குரலில். “கயிறு அறுந்துபோச்சு. அம்மா மேல வந்து அதை மாட்டின உடனே எடுத்தேன். யாராச்சும் கேட்டா குடுத்துரலாம்னு…”

எல்லோரும் சீனிச்சாமியைப் பார்த்தோம். காலையில் நான் கொண்டுவந்த வளையம் அப்போதிலிருந்து எங்கள் தலைக்கு மேலேயே தொங்கியிருக்கிறது. அது இங்கே இருக்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் குகைக்குள் நுழைந்திருக்க முடியாது. ஆனையை மன்னித்திருக்கலாம், ரயிலையும் மன்னித்திருக்கலாம். வளையம்தான் இடித்தது.

“அப்ப குகை வழியா வரலை” என்றான் எபனேசர். “பஸ்ஸு மேல ஏத்திக்கிட்டு வந்துட்டீங்களாண்ணே?”

சீனிச்சாமி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அத்தனை வருடத்தில் அவரிடமிருந்து ஒன்றும் வராமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

விஜயராணி அவருக்கு முன்னால் வந்து குந்தினாள். அவருடைய வேட்டி மடிப்பிலிருந்து எதையோ பிய்த்து எடுத்தாள். ஒரு சுள்ளி, அதில் உண்ணிச்செடியின் சின்ன முள்ளும் இலையும். பிறகு தோளில் இருந்த கறுப்பை விரலால் தேய்த்து மோந்து பார்த்தாள். அது கரியில்லை, செயின் எண்ணெய். சைக்கிளின் குறுக்குக் கம்பி பதிந்த தடம்.

அவள் திரும்பிக் குகைக்கு மேலே பார்த்தாள். பனி அங்கே சற்று விலகியிருந்தது. குகையைக் குடைந்த அந்தக் குன்று முழுக்க ஆள் உயரத்துக்கு உண்ணிப்புதர். பாதை என்று எதுவும் இல்லை, ஆடுகூடத் தயங்கும்.

“சைக்கிளைத் தோள்ல தூக்கிக்கிட்டு இது மேலயா ஏறி வந்தே?” என்றாள்.

சீனிச்சாமி ராக்கம்மாவின் கையிலிருந்த பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“குகையோட கீழ்வாய் வரைக்கும் கால் ஊன்றலை” என்றார் கடைசியில். இப்போது குரலில் உப்பல் இல்லை. “அது சத்தியம். அங்க வந்தா கொக்கியில வளையம் இல்லை. தட்டினேன். ரொம்ப நேரம் தட்டினேன். ஒருத்தரும் வரலை.”

மாட்டு மணியும் கோயில் மணியும் தலையைக் குனிந்துகொண்டன. ராக்கம்மா அடுப்பை ஊதுவது போலத் திரும்பிக்கொண்டாள்; எபனேசர் பெயிண்ட் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தான். ஒரு வார்த்தையும் சொல்லாமல் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த நான் என் டீயைப் பார்த்தேன். ஏடு படிந்திருந்தது.

“அதைச் சொல்லியிருக்கலாம்லப்பா. எங்க மேல கோவப்பட்டிருக்கலாம்ல.”

“சொன்னா கால் ஊன்றினதைச் சொல்லணுமே.”

“போன மாசம் மயங்கி விழுந்த ஆளு! இவ்வளவு கனத்தைத் தூக்கிக்கிட்டு, முள்ளுக்குள்ள… உனக்கு ஒண்ணு ஆகியிருந்தா?” அவள் கத்தினாள். பிறகு குரலை இறக்கி, உண்மையிலேயே புரியாமல் கேட்டாள். “பனி. ஆள் நடமாட்டமே இல்லை. குகைக்குள்ளயே மிதிச்சு வந்திருக்கலாமே. கால் ஊன்றியிருக்க வேண்டியதில்லை. யாரு பாக்கப்போறா?”

சீனிச்சாமி நிமிர்ந்தார். ஆனையும் ரயிலும் பொய்யென்று அகப்பட்டபோதுகூட அவர் முகத்தில் அப்படி ஒரு அவமானத்தை நான் பார்க்கவில்லை.

“டோக்கன் இல்லாமயா?” என்றார். “என்னாத்தா பேசுறே? நான் புளுகுறதுல எவனுக்கு என்ன போச்சு? அது என் வாய். டோக்கன் இல்லாம நுழையிறது எதிர்ல வர்றவன் பல்லு.”



எபனேசர் தொண்டையைச் செருமினான். “இருந்தாலும் அண்ணே, கால் ஊன்றியாச்சுல்ல? பேசின பேச்சு…”

“கால் ஊன்றக் கூடாதுன்னு அவரு சொன்னாரு” என்றாள் விஜயராணி, அவனைப் பார்க்காமலே. “நான் சொல்லலை. ஒத்தையா வந்து சேரணும்னுதான் நான் சொன்னேன். வந்து சேந்துட்டாரு. பூந்தொட்டியை நீ உன் சைக்கிள்லயே கட்டிக்கோ.”

எபனேசர் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினான். தோற்றவன் போலத் தெரியவில்லை. தன் கடைக்குள் போய், ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்துவந்து சீனிச்சாமியின் காலடியில் போட்டான். ராக்கம்மா தேங்காயெண்ணெயைக் கையில் எடுத்து அவர் தோளில் தடவினாள். தாரை இனி எதை வைத்துத் தொங்கவிடுவது என்று மட்டும் முணுமுணுத்தாள்.

மூன்று மணி பஸ்ஸில் போகலாம், சைக்கிளை மேலே போட்டுக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். சீனிச்சாமி என்னை இரக்கத்தோடு பார்த்தார். “எறக்கத்துக்கெல்லாம் பஸ்ஸாம்மா?”

நான் விஜயராணியைப் பார்த்தேன். அவள் பெஞ்சின் மேல் ஏறி, தாரைப் பிரித்து இறக்கி ராக்கம்மாவிடம் கொடுத்தாள். வளையத்தை முந்தானையால் துடைத்தாள். அப்பாவின் வலிக்காத தோளாகப் பார்த்து மாட்டிவிட்டாள்.

“மெதுவாப் போ. அந்தப் பக்கம் போனதும் தட்டு. சத்தம் கேட்ட பிறகுதான் நான் பஸ் ஏறுவேன்” என்றாள். பிறகு அவருடைய ஒற்றைப் பழைய செருப்பை எடுத்துக் கேரியரில் செருகினாள். “இதை அதுகிட்டக் குடுத்துரு. நான் விசாரிச்சேன்னு சொல்லு.”

சீனிச்சாமி மகளைப் பார்த்தார். சைக்கிளில் ஏறிக் குகைவாய்க்குள் போனார். உள்ளே போன பிறகும் மணியை அடித்துக்கொண்டே போனார். இருட்டு அதை ஒரு வளைவுக்குப் பிறகு வாங்கிக்கொண்டது.

நாங்கள் நால்வரும் காத்திருந்தோம். ராக்கம்மா அடுப்பைத் தணித்தாள். எண்ணெய் அடங்கியது. யாரும் டீ கேட்கவில்லை. வராத ரயிலுக்குக் காத்திருந்த ஸ்டேஷனில் அன்றுதான் முதல்முறையாக நாங்கள் வரக்கூடிய ஒன்றுக்குக் காத்திருந்தோம்.

ணங்.

விஜயராணி மூச்சை விட்டாள்.

ணங். ணங். ணங். நிற்கவில்லை. மலை முழுக்க அது உருண்டு உருண்டு வந்தது.

“ஒரு தடவை தட்டினா போதாதா?” என்றாள் ராக்கம்மா. “இப்பிடிப் போட்டு அடிக்கிறாரே மனுஷன்!”

விஜயராணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.

“அவரு ஒரு தடவைதான் அடிச்சாரு, அக்கா” என்றாள், திரும்பிப் பார்க்காமல். “மிச்சமெல்லாம் ஆனை.”